அம்மா தன்னை எரிக்கச் சொல்கிறார். கத்தோலிக்க வீட்டில் இது சரியா?

லிங்கராஜபுரம்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். அம்மா நன்றாகத்தான் இருக்கிறார், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். காலைப் பூசைக்குத் தானே நடந்து போய் வருகிறார். ஆனால் போன மாதம், அண்ணன், அண்ணி, நான், என் கணவர் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, ரசத்தை ஊற்றிக்கொண்டே "நான் செத்தா மண்ணுல வைக்காதீங்க, எரிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டார். அண்ணன் எழுந்தே போய்விட்டார்.

காரணம் அப்பாவின் கல்லறை. பெங்களூரில் இருப்பவர்களுக்குத் தெரியும், குடும்பக் கல்லறை வாங்கி வைக்காதவர்களின் குழியைச் சில வருடம் கழித்துத் திறந்து அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். இடம் இல்லை, புரிகிறது. ஆனால் எங்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கல்லறைத் திருநாளுக்கு சாமந்தி மாலையும் மெழுகுதிரியும் வாங்கிக்கொண்டு போனால், அப்பா பெயர் இருந்த இடத்தில் வேறு ஒருவர் பெயர். புது சிமெண்ட். கேட்டதற்கு, எலும்புகளைப் பொதுக்குழியில் மரியாதையாகப் போட்டாயிற்று என்றார்கள். அம்மா அந்தப் புதுக் கல்லறைக்கே மாலையைப் போட்டுவிட்டு, பெயர் தெரியாத அந்த மனிதருக்கும் சேர்த்து ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டு வந்தார்.

இப்போது வீடு மூன்றாக நிற்கிறது. "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்னு ஞாயிறுதோறும் சொல்லிட்டு உடம்பை எரிக்கிறதா?" என்பது அண்ணன் கட்சி. என் கணவர் இந்து. அவர் பாசத்தோடுதான் சொன்னார், "அத்தையோட அஸ்தியை நானே ஸ்ரீரங்கப்பட்டணத்துல காவேரியில கரைக்கிறேன்" என்று. எனக்கோ ஒரு சின்னச் செம்பில் எடுத்து, வீட்டில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசை. அம்மாவுக்கு இருப்பது ஒரே கேள்விதான்: "எரிச்சா சாமியார் பூசை வைப்பாரா?"

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இணையத்தில் தேடினால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பழைய_செமினேரியன்:

சகோதரி, அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில்: வைப்பார். தயக்கமே வேண்டாம். உடலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து அடக்கத் திருப்பலி முடித்து, அதன்பிறகு தகனத்துக்குக் கொண்டுபோவதுதான் முறையானது.

அண்ணனின் கோபம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்கிறேன், ஏனென்றால் அவர் சொல்வது அவராகக் கண்டுபிடித்தது அல்ல. 1886-இல் உரோமை தகனத்தைத் தடை செய்தது. அப்போது இத்தாலியிலும் மற்ற நாடுகளிலும் தகனச் சங்கங்கள் கிளம்பியிருந்தன. அவற்றை நடத்தியவர்களில் பலர் திருச்சபைக்கு எதிரானவர்கள். 'செத்தால் சாம்பல், அதோடு முடிந்தது' என்று காட்டுவதற்காகவே சிலர் எரித்தார்கள். அதற்கு எதிர்வினைதான் அந்தத் தடை. 1917 சட்டத் தொகுப்பிலும் அது ஏறியது. தன்னை எரிக்கச் சொல்லிவிட்டுப் போனவருக்குத் திருச்சபை அடக்கமே கிடையாது என்றது. நம் தாத்தா பாட்டி காலம் அதுதான். 1963-இல் அந்தத் தடை தளர்ந்தது. 1983 சட்டத் தொகுப்பில், 1176-ஆம் சட்டம்: புதைப்பதைத் திருச்சபை வலியுறுத்திப் பரிந்துரைக்கிறது, தகனத்தைத் தடுக்கவில்லை, கிறிஸ்தவப் போதனைக்கு எதிரான காரணத்துக்காக அதைத் தேர்ந்தெடுத்தாலொழிய. உங்கள் அம்மாவின் காரணத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அண்ணனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். கி.பி. 177-இல் பிரான்சின் லியோன் நகரத்து மறைசாட்சிகளைக் கொன்றவர்கள், உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கொட்டினார்கள். எதற்கு? இனி இவர்கள் எப்படி உயிர்த்தெழுகிறார்கள் பார்ப்போம் என்பதற்காக. எரித்தால் உயிர்ப்பு கிடையாது என்று நம்பியது கொன்றவர்கள்தான். நம்மவர்கள் இல்லை.

சாம்பியன்_ரீஃப்:

தம்பி சொல்கிற சட்டமெல்லாம் சரி. நான் கோலார் தங்கவயல்காரி. சுரங்கம் 2001-இல் மூடிய பிறகு பிள்ளைகளோடு பெங்களூர் வந்தவள். எனக்கு மனசு ஒப்பவில்லை, சொல்லிவிடுகிறேன்.

எங்கள் லைன் வீட்டில், அதாவது சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு சாவு என்றால் துக்க மணி அடித்த உடனே அடுப்பை அணைத்துவிட்டு எல்லாரும் வந்துவிடுவார்கள். ராத்திரி முழுக்க செபமாலை. மறுநாள் பெட்டியைத் தோளில் தூக்கிப் பாட்டுப் பாடிக்கொண்டே போவோம். குழியில் இறக்கிச் சாமியார் தீர்த்தம் தெளித்து தூபம் காட்டுவார். அப்புறம் ஆளுக்கு ஒரு பிடி மண். அந்த ஒரு பிடி மண்ணைப் போடும்போதுதான் 'போய்விட்டாள்' என்று கைக்குத் தெரியும். முதல் பிடி பெட்டி மேல் விழும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டால்தான் அழுகையே வரும்.

போன வருடம் தெரிந்தவர் ஒருவரை மின்மயானத்தில் வைத்தார்கள். வரிசை. எங்களுக்குப் பின்னால் இரண்டு வண்டி நிற்கிறது. ஃபாதர் பாவம், அவசர அவசரமாக செபம் சொல்கிறார். தள்ளினார்கள், கதவு மூடியது, அவ்வளவுதான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றோம். ஆண்டவரே கல்லறையில்தானே கிடந்தார் மகளே. அவர் போன வழியில் போகக் கூடாதா?

ஹொசூர்ரோடு_ராயன்:

ரீஃப் அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. அதனால்தான் சொல்கிறேன், செபத்தையெல்லாம் கோயிலிலேயே நிதானமாக முடித்துவிடுங்கள், மின்மயானத்தை நம்பாதீர்கள். சாம்பல் வாங்க மூடியுள்ள பாத்திரம் ஒன்று கொண்டுபோங்கள். எங்கள் வீட்டில் மறந்துவிட்டு, கடைசியில் பக்கத்துக் கடையில் ஊறுகாய் ஜாடி வாங்கினோம். கல்பள்ளிப் பக்கம் கல்லறைத்தோட்டமும் இருக்கிறது, மின்மயானமும் இருக்கிறது, அலைச்சல் குறைவு.

எளிய_விசுவாசி:

நான் சி.எஸ்.ஐ., புராட்டஸ்டண்ட் சபைக்காரன், இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கு இதில் பெரிய குழப்பம் இல்லை. உடம்பு ஒரு சட்டை. ஆத்துமா கர்த்தரிடம் போய்விட்டது, சட்டையை மடித்து வைத்தால் என்ன, எரித்தால் என்ன? கூடவே ஒரு கேள்வி. சிலுவையில் கூடத் தொங்கிய கள்ளனுக்கு இயேசு "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றுதானே சொன்னார்? அப்புறம் எட்டாம் நாள், முப்பதாம் நாள், வருடம் என்று பூசை எதற்கு? செத்தவர்கள் சுத்திகரிக்கப்படுகிற இடம் என்று நீங்கள் சொல்லும் உத்தரிக்கிற ஸ்தலம் வேதத்தில் எங்கே இருக்கிறது?

பழைய_செமினேரியன்:

சகோதரரே, வாருங்கள். இரண்டு கேள்வி, தனித்தனியாகச் சொல்கிறேன்.

சட்டை என்பதில்தான் எனக்கு முழு மறுப்பு. அது நம் ஊர்க் காற்றிலேயே இருக்கிற எண்ணம், அழகானது, ஆனால் பவுல் சொல்வது அது இல்லை. 1 கொரிந்தியர் 15-ஐ எடுத்து வாசியுங்கள். ஆத்துமா தப்பித்துப் போவது பற்றி அங்கே பேச்சே இல்லை. விதைக்கப்படுவதும் உடல், எழுப்பப்படுவதும் உடல். அந்த அதிகாரத்துக்கு விளக்கம் எழுதிய இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் ஒரே போடாகப் போட்டார்: என் ஆன்மா நான் அல்ல. ஆன்மா மட்டும் மீட்கப்பட்டால் 'நான்' மீட்கப்படவில்லை என்றார். இந்த சகோதரியின் அம்மா ஊற்றிய ரசம், நடந்த தெரு, அணைத்த பிள்ளை, எல்லாம் உடம்பால்தானே? கடவுளுக்கு அது வேண்டாத துணி என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. எரிக்கலாமா என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணமும் இதுவே.

உத்தரிக்கிற ஸ்தலம்: 2 மக்கபேயர் 12-இல் யூதா என்ற படைத்தலைவர், போரில் இறந்தவர்களுக்காகப் பணம் திரட்டி எருசலேமுக்குப் பலிக்கு அனுப்புகிறார். அந்த நூல் உங்கள் வேதாகமத்தில் இல்லை, அதனால் அதை வைத்து உங்களோடு மல்லுக்கு நிற்க மாட்டேன். 1 கொரிந்தியர் 3:15 இரண்டு பேரிடமும் இருக்கிறது, நெருப்பில் அகப்பட்டுத் தப்பியவர் போல மீட்படைவது. 2007-இல் திருத்தந்தை பெனடிக்ட் எதிர்நோக்கு பற்றி எழுதிய சுற்றுமடலில், அந்த நெருப்பு கிறிஸ்துவேதான் என்று சில இறையியலாளர்கள் கருதுவதை எடுத்துச் சொல்கிறார். அவரை நேருக்கு நேர் சந்திப்பதே சுடுகிறது, சுத்தமாக்குகிறது. சின்ன வயதில் மறைக்கல்வியில் காட்டிய படங்களில் அடுப்பு எரிவது போல இருக்கும். அதைவிட இது எனக்கு நெருக்கமாக இருக்கிறது. கள்ளனுக்கும் அந்தச் சந்திப்பு சிலுவையிலேயே நடந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மானியதா_சந்தேகி:

ஞானஸ்நானம் வாங்கிய கத்தோலிக்கன்தான், இப்போது கிறிஸ்துமஸ் கத்தோலிக்கன். ஒரு கேள்வி. புதைத்த உடம்பு மண்ணாகி, மண் மரமாகி, மரத்துத் தேங்காயை நான் தின்றேன் என்று வையுங்கள். கடைசி நாளில் அந்த அணு யாருக்கு? புதைத்தாலும் இதே கதி, எரித்தாலும் இதே கதி. அப்புறம் எதற்கு இவ்வளவு சண்டை?

பழைய_செமினேரியன்:

தம்பி, நீங்கள் தேங்காயோடு நிறுத்திக்கொண்டீர்கள். பழங்காலத் திருச்சபைத் தந்தை அகுஸ்தீனார், மனிதனை மனிதன் தின்றால் அந்தச் சதை யாருக்கு என்றே கேட்டு எழுதியிருக்கிறார். பதினாறு நூற்றாண்டுப் பழைய கேள்வி இது. அக்வினாஸ் சொல்வது எனக்குப் பிடிக்கும்: உயிரோடு இருக்கும்போதே உடம்பின் பொருள் வந்துகொண்டும் போய்க்கொண்டும்தான் இருக்கிறது, விறகு மாறிக்கொண்டே இருந்தாலும் தீ அதே தீயாக எரிவது போல. 2023 டிசம்பரில் வத்திக்கான் வெளியிட்ட குறிப்பிலும் இதுவே இருக்கிறது. உயிர்த்த உடல் முன்பிருந்த அதே துகள்களால் ஆகியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதனால் சாம்பலோ சிதறலோ கடவுளுக்குத் தடை அல்ல.

சண்டை எதற்கு என்றால், கடவுளுக்கு என்ன முடியும் என்பதில் சண்டை இல்லை. மிஞ்சியதை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதில்தான். 2016-இல் வத்திக்கானிலிருந்து வந்த அறிவுரை அதைத்தான் பேசுகிறது. சாம்பலைக் கல்லறைத்தோட்டம் போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும். காற்றிலோ மண்ணிலோ நீரிலோ தூவக் கூடாது. வீட்டில் வைக்கக் கூடாது. குடும்பத்தாருக்குள் பங்கு பிரிக்கக் கூடாது. நகையாகவோ நினைவுப் பொருளாகவோ செய்துகொள்ளக் கூடாது. ஆக, காவேரியும் இல்லை, சகோதரியின் செம்பும் இல்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மானியதா_சந்தேகி:

பிரிக்கக் கூடாதா? புனித சவேரியாரின் உடல் கோவாவில். வலது முன்கை உரோமையில், 1614-இல் வெட்டி அனுப்பினார்கள். 2024 கடைசியில் கோவாவில் உடலைக் காட்சிக்கு வைத்தபோது எங்கள் வீட்டிலேயே ஒரு வேன் பிடித்துப் போய் வந்தார்கள். புனிதர் என்றால் துண்டு துண்டாக ஊர் ஊராக வைக்கலாம். எங்கள் அம்மா என்றால் ஒரு சிட்டிகை கூட அலமாரியில் வைக்கக் கூடாதா?

பழைய_செமினேரியன்:

இதற்கு வழக்கமான பதில், திருப்பண்டம், அதாவது புனிதரின் உடல் எச்சம், மொத்தத் திருச்சபையும் வணங்கிச் செபிக்க வைப்பது, வீட்டுச் செம்பு தனிச் சொத்து என்பது. உண்மையைச் சொன்னால் அந்தப் பதில் எனக்கே முழுசாகத் திருப்தி தரவில்லை. 2023 குறிப்பு கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. பொலோஞ்ஞா கர்தினால் சூப்பி கேட்ட கேள்விக்குப் பதிலாக வந்தது அது. இறந்தவரின் வாழ்க்கையில் முக்கியமான ஓர் இடத்தில் சாம்பலின் சிறு பகுதியை வைக்கக் குடும்பத்தார் கேட்டால், திருச்சபை அதிகாரி அதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. எல்லாம் இயற்கையில் கரைந்துவிட்டது என்ற மாதிரியான எண்ணத்துக்கு அது இடம் கொடுக்கக் கூடாது. ஆகவே சகோதரி ஆயரகத்தில் கேட்டுப் பார்க்கலாம். நானாகச் செய்துகொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

அதே குறிப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பலருடைய சாம்பலை ஒன்றாகச் சேர்த்து ஒரு பொதுப் புனித இடத்தில் வைக்கலாம். ஆனால் ஒவ்வொருவருடைய பெயரும் அங்கே குறிக்கப்பட வேண்டும், யார் நினைவும் தொலைந்துபோகாமல்.

அந்தேரி_மச்சான்:

பம்பாயில் இது எங்களுக்குப் பழகிப்போனது. சில வருடத்தில் குழியைத் திறந்து எலும்பை எடுத்துக் கோயில் சுவரில் இருக்கிற சின்ன அறையில் வைத்து, மேலே பெயர்ப் பலகை பதிப்பார்கள். 'நிச்' என்போம். காசு கட்ட வேண்டும், அது வேறு கதை. ஆனால் பெயர் இருக்கும்.

வெள்ளை_சாமந்தி:

கேரளாவில் ஆலப்புழா லத்தீன் மறைமாவட்டம் 2020 ஜூலையிலேயே, கொரோனாவில் இறந்தவர்களைத் தகனம் செய்து, சாம்பலைப் பங்குக் கல்லறைத்தோட்டத்தில் அடக்கம் செய்ய அனுமதித்தது. தண்ணீர் ஊறும் மண், ஆழமாகத் தோண்ட முடியாது. அங்கே ஊரே ஒத்துக்கொண்டது. இங்கே ஒரு குடும்பம் ஒத்துக்கொள்ளாதா?

லிங்கராஜபுரம்_பொண்ணு:

எல்லாருக்கும் நன்றி. அண்ணனையும் உட்கார வைத்து முழுவதையும் வாசிக்கச் சொன்னேன். லியோன் மறைசாட்சிகள் இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "சரி, அதுக்காக நாமளே எரிக்கணும்னு இல்லையே" என்றார். நியாயம்தான்.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், எங்கள் வீட்டுப் பிரச்சனை தீயும் இல்லை, மண்ணும் இல்லை. குழியைத் திறந்ததுகூட இல்லை. அப்பா பெயர் எங்கேயும் இல்லை என்பதுதான். எலும்பு பொதுக்குழியில் யாரோ ஒருவரோடு கலந்து கிடப்பதில் எனக்கு வருத்தமே வரவில்லை. லைன் வீட்டிலும் குடிசையிலும் நாலு குடும்பத்தோடு கலந்து வாழ்ந்த மனிதர் அவர். ஆனால் அந்தக் குழிக்கு மேல் ஒரு பெயர்ப் பட்டியல் இருந்திருந்தால் அம்மா தன்னை எரிக்கச் சொல்லியே இருக்க மாட்டார். உரோமையில் யாரோ 2023-இல் எழுதிய வரி லிங்கராஜபுரத்துக்கு இவ்வளவு பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை.

செம்பு விஷயத்தில் எனக்கு முதலில் கோபம்தான். ராத்திரி படுத்து யோசித்தேன். வீட்டில் வைத்தால் யார் வீட்டில்? அண்ணன் வீட்டிலா என் வீட்டிலா? எனக்குப் பின்னால் என் மகன் வாடகை வீடு மாறும்போது அந்தச் செம்பு எந்த அட்டைப்பெட்டியில் போகும்? அதைவிட, அலமாரியில் இருந்தால் அம்மா எனக்கு மட்டும் அம்மாவாக ஆகிவிடுவார். அவருடைய அன்பியத்துக்காரர்கள் (பக்கத்து வீட்டுச் செபக்குழு), பூ விற்கிற அக்கா, தினம் கூடப் பூசைக்கு நடக்கிற கிழவிகள், இவர்களெல்லாம் வந்து நின்று ஒரு 'நித்திய இளைப்பாற்றி' சொல்ல என் வீட்டு அழைப்பு மணியையா அடிப்பார்கள்? இறந்தவர்களைக் குடும்பச் சொத்தாக்கிவிடாதே என்றுதான் திருச்சபை சொல்கிறது போல. அதைச் சட்டமாக மட்டும் சொல்லாமல் இப்படிச் சொல்லியிருந்தால் கோபமே வந்திருக்காது.

என் கணவரிடம் காவேரி வேண்டாம் என்று சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் முகம் வாடியது. "நான் மகன் மாதிரி ஏதாவது செய்யணும்" என்றார். பெட்டியைத் தூக்க முதல் தோள் உங்களுடையது என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

சாம்பியன்_ரீஃப்:

மருமகன் தங்கம். மகளே, உன் அண்ணனுக்கு அகுஸ்தீனாரின் அம்மா மோனிக்கம்மா கதையைச் சொல். புருஷன் பக்கத்தில் சொந்த ஊரில் அடங்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஏற்பாடு பண்ணிக்கொண்டிருந்தவள். ஆப்பிரிக்காவுக்குத் திரும்பும் வழியில், 387-இல், ஓஸ்தியா துறைமுகத்தில் படுத்துவிட்டாள். இன்னொரு மகன் 'பரதேசத்தில் சாகிறாயே, ஊரில் சாகக் கூடாதா' என்று கலங்கினான். இந்த உடம்பை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நீங்கள் எங்கே இருந்தாலும் ஆண்டவர் பீடத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். அகுஸ்தீனாரே எழுதி வைத்திருக்கிறார். ஊரை விட்டு வந்த நமக்கெல்லாம் அவள்தான் பாட்டி.

எனக்கு மட்டும் மண்தான். அதை என் பிள்ளைகளிடம் சொல்லியாயிற்று.

எளிய_விசுவாசி:

மோனிக்காள் பீடத்தில் நினைக்கச் சொன்னது சரி. ஆனால் நினைப்பதற்கும், பூசைக்குக் காணிக்கை கட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறதே? பணக்காரனுக்கு நிறையப் பூசை, ஏழைக்கு ஒன்று என்றால் பரலோகத்தில் அது எப்படிக் கணக்கு?

பழைய_செமினேரியன்:

கணக்கே கிடையாது, அப்படி நினைப்பவர்கள் நம்மிடமும் உண்டு என்பது வெட்கக்கேடு. 1563-இல் உத்தரிக்கிற ஸ்தலத்தை அறிவித்த அதே திரிதெந்தீன் பொதுச்சங்க ஆணையில், இதை வைத்து மூடநம்பிக்கையும் ஈன லாபமும் வரக் கூடாது என்று ஆயர்களுக்குக் கண்டிப்பும் இருக்கிறது. இன்றைய சட்டம் 945-உம் வறியவர்களின் வேண்டுதலுக்காகக் காணிக்கை இல்லாமலேயே பூசை வைக்கச் சொல்கிறது. நவம்பர் 2 அன்று ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம் என்று 1915-இல், முதல் உலகப்போர் நடுவில், பதினைந்தாம் பெனடிக்ட் அனுமதித்தார். அதில் ஒன்று இறந்த எல்லாருக்கும், பெயர் தெரியாதவர்களுக்கும் சேர்த்து. அதற்கு யாரும் காசு கட்டவில்லை.

லிங்கராஜபுரம்_பொண்ணு:

முடிவு சொல்லிவிடுகிறேன். பங்குத்தந்தையைப் பார்த்தோம். அந்தப் பொதுக்குழி இருக்கும் மூலையில் ஒரு சுவர் எழுப்பி, பதிவேட்டில் இருக்கிற பெயர்களைக் கல்லில் பொறிக்க முடியுமா என்று கேட்டோம். அண்ணன்தான் கேட்டார், அதுவும் சத்தமாக. பங்குப் பேரவையில் வைக்கிறேன் என்றார் ஃபாதர். பழைய பதிவேடுகள் சில செல்லரித்திருக்கின்றனவாம். இருக்கிறதையாவது போடுங்கள் என்றோம். அம்மாவிடம் சொன்னபோது, "அப்பா பேரு வந்தா எனக்கு மண்ணோ தீயோ உங்க இஷ்டம். பேரு வராட்டி எரிச்சு அந்தக் குழியிலேயே போடச் சொல்லிக் கேளுங்க, நானும் அவரோட இருந்துக்கிறேன்" என்றார்.

ஹொசூர்ரோடு_ராயன்:

அக்கா, வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். இந்த இரண்டையும் அம்மா கையாலேயே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, ஒரு பிரதி பங்கு அலுவலகத்தில், ஒன்று அண்ணனிடம். சாவு வீட்டில் பெரியப்பாமார்கள் வந்து இறங்கியதும் யார் பேச்சும் எடுபடாது. பேரவைக் கூட்டத்துக்குப் போகும்போது செலவு எவ்வளவு ஆகும் என்று கல் வேலைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொண்டே போங்கள். தொகை இல்லாமல் போனால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.